மலைநாட்டில் ஒரு சமதரை: தரவளை மைதானத்தின் வரலாறு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒரு விளையாட்டிடம் அமைக்க வேண்டுமாயின், பற்றைகளை நீக்கி, மேடுபள்ளங்களைச் சிறிது செப்பஞ்செய்து, நான்கு மூலைக்கும் கயிறு பிடித்தாற் போதும். நிலம் தானே இடங்கொடுக்கும். ஹற்றன், டிக்கோயா, தலவாக்கலை, நுவரெலியா முதலிய மலைப்பகுதிகளில் அது நடவாது. நூறு கெச நீளத்துக்குத் தரை சாயாமற் கிடக்குமிடம் அங்கே அரிது. ஆற்றோரத்துச் சதுப்பாக இருத்தல் வேண்டும். அல்லது மலையை வெட்டி உண்டாக்கிய மேடையாக இருத்தல் வேண்டும். ஆகவே மலைநாட்டின் ஒவ்வொரு சமதரைக்கும் ஒரு வரலாறு உண்டு. எவர் தேவைக்காக அது சமமாக்கப்பட்டது, எவர் கையாற் சமமாக்கப்பட்டது, அதன்மேற் கால்வைக்க எவருக்கு உரிமையிருந்தது என்று வினவுவோமாயின், தோட்டங்களின் வரலாற்றிற் பெரும்பகுதி அவ்வினாக்களுக்கு விடையாக வந்து நிற்கும். இவ்வகையில் ஆராய்தற்கு ஏற்றது டிக்கோயாவிலுள்ள தரவளை மைதானம்.

ஹற்றனிலிருந்து டிக்கோயா வழியாக நோர்வூட், மஸ்கெலியா நோக்கிச் செல்லும் வீதியை அடுத்து இம்மைதானம் அமைந்துள்ளது. மார்கழி தொடங்கி வைகாசி வரை சிவனொளிபாத மலைக்குச் செல்லும் யாத்திரிகர் பலர் இவ்வீதியாலேயே செல்வர். மைதானத்துக்கு உரிய நிறுவனம் டிக்கோயா–மஸ்கெலியா கிரிக்கெற் கழகம். தரவளைக் கழகம் என்பது வழக்கிலுள்ள பெயர். அது தொடங்கிய ஆண்டு 1868.

இந்த ஆண்டினைச் சிறிது நின்று நோக்குதல் வேண்டும். தரவளையைச் சுற்றி இன்று கண்ணுக்கெட்டிய தூரம் வரை தேயிலை. ஆதலால், தேயிலையோடு தேயிலையாக வந்ததே இக்கழகமும் என்று எண்ணத் தோன்றும். உண்மை வேறு. ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்டது 1867ஆம் ஆண்டு. அது கண்டிக்குத் தென்கிழக்கே ஒரு மூலையில் நடந்த சிறு சோதனை. 1875இற்கூட இலங்கை முழுவதிலும் தேயிலை பயிரான நிலம் ஏறத்தாழ 1,000 ஏக்கரே. 1868இல் டிக்கோயாவிற் காடழித்து நட்ட பயிர் கோப்பி. கழகத்தை நிறுவியவர் கோப்பித் துரைமார். அவர்கள் முதற்பந்தை எறிந்த அடுத்த ஆண்டிலேயே, 1869இல், கோப்பி இலையின் அடிப்புறத்திற் செம்மஞ்சட் பொடிபோன்ற ஒரு பூஞ்சணநோய் இந்நாட்டிற் கண்டறியப்பட்டது. பதினைந்து இருபது ஆண்டுகளுள் அந்நோய் இலங்கைக் கோப்பியை வேரோடு மாய்த்துவிட்டது. துரைமார் பலர் கடனாளிகளாகிக் கப்பலேறினர். எஞ்சியோர் சிங்கோனா மரத்தை நட்டுப் பார்த்தனர். பின்னர் தேயிலைக்கு மாறினர். 1890களின் நடுப்பகுதியிலே தேயிலை நிலம் 3 இலட்சம் ஏக்கரைத் தாண்டியது. பயிர் மாறிற்று, முதலாளி மாறினான், கம்பனிகள் வந்தன. கழகம் மட்டும் மாறாதிருந்தது. டிக்கோயாவிலே தேயிலைக்கு மூத்தது கிரிக்கெற் என்றால் அது மிகையன்று.

டிக்கோயா, மஸ்கெலியா, திம்புள்ள ஆகிய பள்ளத்தாக்குகள் கோப்பிக் காலத்தின் பிற்பகுதியிலேயே திறக்கப்பட்டன. 1840களிற் கண்டி, மாத்தளை, புசல்லாவைப் பகுதிகளில் எழுந்த கோப்பி வேகம், 1847–48ஆம் ஆண்டுகளின் விலைவீழ்ச்சியால் தடைப்பட்டு, மீண்டபோது மேற்குநோக்கியும் உயர்நோக்கியும் சென்றது. கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகையிரதம் 1867இல் ஓடத் தொடங்கியது. நாவலப்பிட்டிக்கு வந்தது 1874இல். ஹற்றனுக்கு வந்தது 1884இல். எனவே தரவளைக் கழகம் பிறந்து பதினாறு ஆண்டுகள் சென்ற பின்னரே ஹற்றனிற் புகையிரதத்தின் ஊதுகுழல் கேட்டது. அதுவரை மலைக்கு ஏறிய பொருள் யாவும், அரிசி மூட்டையாயினும் துடுப்பாயினும், மாட்டு வண்டியில் அல்லது மனிதன் தலையில் ஏறியது.

மனிதன் தலை என்றோம். அம்மனிதன் எவன் என்பது கூறாமலே விளங்கும். இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து கங்காணிமாரின் முன்பணத்துக்குக் கட்டுண்டு, தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப் பாதையால் மாத்தளை வரை நடந்தவர் அவர். நடந்தவருட் பலர் காய்ச்சலாலும் பேதியாலும் வழியிலேயே மாண்டனர். கோப்பிக் காலத்திற் பெரும்பாலோர் அறுவடைக்கு வந்து, அது முடிந்ததும் ஊர் திரும்பினர். தேயிலைக்கு அவ்வாறு பருவமில்லை. ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்க வேண்டும். ஆகவே தேயிலை அவர்களை லயங்களிலே நிலையாக இருத்திற்று. மைதானத்துக்கு நிரந்தரமான அயலார் வாய்த்தது அப்போதுதான்.

மலைச்சரிவில் ஓர் ஆடுகளம் அமைப்பது எங்ஙனம் என்பதைச் சிறிது விரித்துரைத்தல் பயனுடையது. சரிவின் மேற்பக்கத்தை வெட்டி, அம்மண்ணைக் கீழ்ப்பக்கத்தில் நிரப்ப வேண்டும். வெட்டிய பகுதி இறுகியிருக்கும். நிரப்பிய பகுதி அமிழ்ந்துகொண்டே போகும். மழைகாலம் இரண்டு மூன்று கடந்து, மீண்டும் மீண்டும் மண் இட்டு இடித்தபின்னரே இரண்டும் ஒரு மட்டத்துக்கு வரும். மேற்சரிவிலிருந்து இறங்கும் வெள்ளம் களத்தினுட் புகாதவாறு கான் வெட்டி அதனைப் பக்கவாட்டிலே திருப்ப வேண்டும். கீழ்விளிம்பு சரிந்துவிடாதவாறு கல்லுக்கட்டு எழுப்ப வேண்டும். பின்னர் புல் பதித்து, உருளை இழுத்து, ஆண்டு முழுதும் காக்க வேண்டும். மேற்குச் சரிவாகிய டிக்கோயாவிலே தென்மேல் பருவமழை வைகாசி பிற்பகுதியில் இறங்கினால் ஆவணி புரட்டாசி வரை ஓயாது. ஒரு பருவம் கான் தூர்ந்திருந்தால் அடுத்த பருவத்துக்குக் களம் இராது.

மேலே கூறிய தொழில்களுள் ஒன்றாயினும் தோட்டத் தொழிலாளிக்குப் புதியதன்று என்பது கவனிக்கத்தக்கது. கான் வெட்டுதல், கல்லுக்கட்டுதல், மண் சுமத்தல், முள்ளுக் குத்துதல் என்பன அவனுடைய நாளாந்த வேலையின் பெயர்கள். மலைநாட்டின் வீதி, பாலம், தேயிலை ஸ்டோர், பங்களா, பங்களாவின் முன்னுள்ள பூந்தோட்டம் ஆகிய யாவும் அந்த மண்வெட்டியாலும் மம்பட்டியாலுமே ஆயின. துரைமாரின் ஆடுகளம் மட்டும் வேறொருவர் கையால் ஆயிற்றென்று கொள்ள நியாயம் எதுவுமில்லை. கழகங்களின் சுவர்களிலே தலைவர் பெயரும் அணித்தலைவர் பெயரும் ஆண்டுவாரியாகப் பலகையில் எழுதப்படுவது வழக்கு. மண் சுமந்தவர் பெயரை எழுதும் பலகை எந்நாட்டுக் கழகத்திலும் இல்லை. ஆயினும் சமவெளி நாட்டில் அது ஒரு சிறு மறதி, மலைநாட்டில் அது பெரிய மறதி. ஏனெனின், இங்கே ஆட்டத்திலும் பெரிய வேலை தரையே.

இங்கிலாந்திலே லோட்ஸ் மைதானத்தை நிறுவிய தொமஸ் லோட், 1787இல் முதற்களத்தையும், 1811இல் இரண்டாவதையும், 1814இல் இன்றுள்ள களத்தையும் அமைத்தான் என்பதும், இடம்பெயருந்தோறும் பழைய களத்தின் புற்றரையைப் பெயர்த்துக்கொண்டு சென்றான் என்பதும் கிரிக்கெற் வரலாற்றைப் படிப்போர் அறிந்தவை. அவன் பெயர்த்தது புல். மலைநாட்டிற் பெயர்க்கப்பட்டது மலை. இமயத்தின் அடிவாரத்திலே, சிம்லாவை அடுத்த சாயில் என்னும் ஊரில், பட்டியாலா மன்னர் ஒரு குன்றின் உச்சியை 1893இல் வெட்டித் தட்டையாக்கிக் கிரிக்கெற் மைதானம் அமைத்தார். உலகின் மிக உயர்ந்த கிரிக்கெற் களங்களுள் ஒன்றாக அது புகழ்பெற்றது. தரவளைக் கழகம் அதற்குக் கால் நூற்றாண்டு மூத்தது. அதன் புகழ் மட்டும் ஹற்றன் கணவாயைத் தாண்டவில்லை.

மலைநாட்டிலே தரவளைக்கு இணையாகக் கூறத்தக்கது ரதல்ல மைதானம். நானுஓயாவை அடுத்துள்ள இது திம்புள்ளைத் துரைமாரின் கழகத்துக்கு உரியது. அக்கழகம் தன் தோற்றத்தை 1856ஆம் ஆண்டுக்குக் கொண்டுசெல்கிறது. திம்புள்ளையும் டிக்கோயாவும் அயற்பள்ளத்தாக்குகள். அயலவர்க்குரிய போட்டியும் அவற்றிடையே இருந்தது. நுவரெலியாவின் கதை வேறு வகையது. அங்கே இயற்கையாகவே ஒரு மலைச்சமவெளி உண்டு. 6,000 அடிக்கு மேற்பட்ட உயரத்திலே சதுப்பாகக் கிடந்த அவ்வெளியில், 1848 தொடக்கம் 1855 வரை வாழ்ந்த சாமுவேல் பேக்கர் ஆங்கில நாட்டுக் குதிரையும் மாடும் கொணர்ந்து பண்ணை அமைத்தார். தேசாதிபதி வில்லியம் கிறெகரியின் காலத்திற் சதுப்பின் ஒருபகுதி ஏரியாயிற்று. 1875 தொடக்கம் குதிரைப் பந்தயம் நிகழ்ந்தது. 1889இற் கோல்ப் கழகம் தோன்றியது. நுவரெலியாவில் நீரை வடித்தால் நிலம் கிடைத்தது. டிக்கோயாவில் அந்த வசதி இல்லை.

இனிக் கழகத்தின் வாழ்க்கையை நோக்குவோம். கோப்பிக் காலத்துத் துரை பெரும்பாலும் ஸ்கொத்லாந்திலிருந்தோ இங்கிலாந்திலிருந்தோ இருபது வயதளவில் வந்த இளைஞன். சின்னத்துரையாகச் சேர்ந்தால், அடுத்த வெள்ளையனைக் காண மூன்று நான்கு மைல் குதிரையிற் செல்ல வேண்டும். ஆறு நாட்கள் விடியற்காலையிற் பிரட்டுக்கு நின்று, மலை ஏறி இறங்கி, மாலையிற் கணக்குப் பார்த்து, இரவு தனியாக உண்டு உறங்குபவனுக்குக் கழகநாள் எத்தகையது என்பதை ஊகித்தல் எளிது. அந்நாளிற் கிரிக்கெற், ரெனிஸ் முதலிய ஆட்டங்கள். ஆட்டம் முடிந்தபின் குடியும் சீட்டும் பாட்டும். திருக்குறளிலே 'கழகம்' என்னுஞ் சொல் சூதாடும் இடத்தைக் குறித்து வந்துள்ளது. அந்தப் பழம்பொருளும் தோட்டத்துக் கழகங்களுக்கு முற்றிலும் பொருந்தாமற் போகவில்லை.

ஆட்டம் பருவத்தைப் பின்பற்றியது. தை தொடக்கம் பங்குனி வரை டிக்கோயாவிற் காலையில் பனியும் பகலில் நல்ல வெயிலும். அது கிரிக்கெற்றுக்குரிய காலம். மழை இறங்கியபின் அதே தரையில் றக்பி. கொழும்பிலே முதல் றக்பிக் கழகம் 1879இல் தோன்றியது; மலைநாட்டுத் துரைமார் அவ்வாட்டத்தை விரைந்து தமதாக்கிக்கொண்டனர். சேற்றிற் புரள்வதற்கு டிக்கோயாவைப் போல வாய்ப்பான இடம் வேறெங்கு உண்டு? டிக்கோயா, திம்புள்ள, ஊவா, களனிப் பள்ளத்தாக்கு என்னும் பெயர்கள் இலங்கை றக்பியிலே நெடுங்காலம் முதல்வரிசையில் நின்றன. விளையாட்டில் வல்லவன் என்பதே சின்னத்துரை வேலைக்கு ஒரு தகுதியாகக் கொள்ளப்பட்டதென்பது தோட்டப்புறங்களிற் பரவலாக வழங்கும் பேச்சு. கடல்கடந்து வந்த கிரிக்கெற் அணிகள் சிலவும் மலையேறித் தரவளையில் மலைநாட்டு அணியோடு ஆடிச் சென்றன.

இவ்விடத்திலே தமிழ்ச்சொல் ஒன்று நினைவுக்கு வருகின்றது. ஆங்கிலேயர் 'கிளப்' என்பதைத் தமிழில் 'மன்றம்' என்றும் எழுதுகின்றோம். பழந்தமிழ் நூல்களில் மன்றம் என்பது ஊர் நடுவேயுள்ள வெளி. மரநிழலில் ஊரார் அனைவரும் கூடுமிடம். வழக்குத் தீர்ப்பதும் கூத்தாடுவதும் வழிப்போக்கன் தங்குவதும் அங்கேதான். கலித்தொகையின் முல்லைக்கலி கூறும் ஏறுதழுவலும், ஆயர் மகளிர் சூழ்ந்து நோக்க, வெளியிடத்திலே நிகழ்ந்தது. மன்றத்துக்குக் கதவில்லை. தோட்டத்து மன்றத்துக்கோ கதவு உண்டு, காவலனும் உண்டு. உறுப்பினன் வெள்ளையனாதல் வேண்டும். 1876இல் நிறுவப்பட்ட நுவரெலியா மலைக்கழகம் நாடு சுதந்திரம் பெற்றுப் பல ஆண்டுகள் சென்ற பின்னரும் இலங்கையரை உறுப்பினராகச் சேர்க்காதிருந்தது.

இலங்கையர் கிரிக்கெற் ஆடாதிருந்தனரா? அவ்வாறன்று. கொழும்பில் ஆங்கிலேயர் கழகம் அமைத்தது 1832இல். 1873இல் கோல்ட்ஸ் கழகமும், 1899இல் தமிழ் யூனியன் கழகமும் இலங்கையரால் அமைந்தன. ஐரோப்பியருக்கும் இலங்கையருக்குமிடையே 1887 தொடக்கம் ஆண்டுதோறும் ஒரு போட்டி நிகழ்ந்தது. ஐரோப்பிய அணிக்கு ஆட்களை அனுப்பியதில் மலைநாட்டுத் தோட்டங்களுக்குப் பெரும்பங்கு உண்டு. யாழ்ப்பாணத்திலே மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904 தொடக்கம் மோதுகின்றன. இவையெல்லாம் ஆங்கிலம் கற்ற வகுப்பின் ஆட்டங்கள். கல்லூரி உண்டு, ஆகவே களமும் உண்டு. தோட்டத்துப் பிள்ளைக்கு மரத்தடிப் பள்ளியும் அரிச்சுவடியுமே கிடைத்த காலம் அது. எட்டு வயதிற் கொழுந்துக் கூடையோ புல்வெட்டுக் கத்தியோ கைக்கு வந்துவிடும். தரவளையின் விளிம்பில் நின்று, எல்லை கடந்து தேயிலைக்குள் விழுந்த பந்தை எடுத்துக்கொடுப்பது ஒன்றே அத்தகைய பிள்ளை கிரிக்கெற்றிற் கொள்ளத்தக்க பங்கு.

தொழிலாளர்க்குச் சமதரையே இல்லையென்று சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு தோட்டத்திலும் அவர்கள் நாடோறும் மிதித்த சமதரை ஒன்று உண்டு. அதற்குப் பெயர் பிரட்டுக் களம். படைவீரரின் அணிவகுப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் தோட்டத்துத் தமிழிற் பிரட்டு ஆயிற்று. இருள் பிரியுமுன் தப்பு ஒலிக்கும். ஆணும் பெண்ணும் கம்பளி போர்த்து வந்து வரிசையில் நிற்பர். கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிடுவார்; இன்னார் இன்ன மலைக்கு என்று பிரித்தனுப்புவார். பிந்தி வந்தவர்க்கு அன்று பேர் இல்லை. வேலை குறைந்தவர்க்கு அரைப்பேர். கழகத்தின் ஆடுகளத்தையும் பிரட்டுக் களத்தையும் அடுத்தடுத்து வைத்து நோக்கினால், தோட்டம் என்னும் அமைப்பின் இலக்கணம் முழுவதும் அவ்விரண்டு சமதரைகளில் அடங்கியிருத்தல் புலனாகும். இரண்டிலும் வரிசை உண்டு, விதி உண்டு, விதி சொல்பவன் ஒருவனே.

மூன்றாவது சமதரை ஒன்றும் உண்டு. கோயிலின் முன்னோ லயங்களுக்கு இடையிலோ கிடக்கும் சிறு வெளி. அதனைக் காமன் பொட்டல் என்பர். மாசி மாதத்திலே அங்கே கம்பம் நட்டுக் காமன் கூத்துத் தொடங்கும். இரதியும் மன்மதனும் வேடம் பூண்டு வருவர். தப்பு முழங்க இரவு முழுதும் ஆட்டம். ஈற்றிற் சிவனது நெற்றிக்கண்ணாற் காமன் எரிவான், பின் எழுவான். பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் ஆடப்பெற்ற இடங்களும் இத்தகைய வெளிகளே. ஓய்ந்த மாலைகளிற் பிள்ளைகள் அங்கே கிட்டிப்புள்ளும் கபடியும் ஆடினர். பெரியவர் சிலம்பம் சுழற்றினர். முப்பது நாற்பது அடிக்கு மேற் செல்லாத இடம் அது. பந்தை ஓங்கி அடித்தால் லயத்துத் தகரக்கூரையில் விழும். மன்றம் என்னும் பழஞ்சொல்லுக்கு மலைநாட்டில் உரிய இடம் இதுவே எனலாம்.

பெருங்கூட்டத்துக்கு அப்பொட்டல் போதாது. போதாமையிற் பொருளும் இருந்தது. கூடுதற்கு இடமில்லாதவர் சங்கமாதலும் கடினம். தோட்ட எல்லைக்குள் வெளியார் புகுவது அத்துமீறலாகக் கொள்ளப்பட்ட காலத்திலே, தொழிலாளர் தலைவர் கோ. நடேசய்யர் புடைவை வியாபாரி வேடத்தில் லயங்களுக்குச் சென்று நிலைமையை அறிந்தார் என்பது மலைநாட்டில் வழிவழி வந்த செய்தி. 1931இல் அவர் நிறுவிய தொழிலாளர் சம்மேளனத்துக்கு ஹற்றன் நகரமே தலைமையிடமாயிற்று. அவர் துணைவியார் மீனாட்சியம்மை பாட்டுப்பாடிக் கூட்டம் சேர்த்தார். தொழிலாளர் கூட்டங்கள் தோட்டத்தை விட்டு நகரத்தெருவுக்கு வந்ததற்குக் காரணம் நகரத்தின் சிறப்பன்று. தோட்டத்துச் சமதரை அனைத்தும் துரையின் சமதரையாயிருந்தமையே.

இரண்டு உலகப்போர்களும் கழகங்களை வெறுமையாக்கின. 1900இல் அமைந்த இலங்கைத் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படையிலிருந்து ஒரு பிரிவு 1914ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் எகிப்துக்குக் கப்பலேறியது. அதிற் சென்றோருட் பலர் பின்னர் கலிப்பொலியிலும் பிறகளங்களிலும் மடிந்தனர். விளையாடுவதற்கு ஆளின்றிப் புல் வளர்ந்த ஆண்டுகள் அவை. இரண்டாம் போர் முடிந்து மூன்றாண்டில் நாடு சுதந்திரம் பெற்றது. அதற்கு முன்னர் 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் நுவரெலியா, தலவாக்கலை, கொட்டகலை, மஸ்கெலியா, நாவலப்பிட்டி முதலிய தொகுதிகளில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் சார்பில் ஏழுபேர் வெற்றிபெற்றிருந்தனர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவ்வேழுவரைத் தேர்ந்தெடுத்த மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கதியைப் பின்னுக்கு ஒத்திவைத்தது. ஹற்றன் புகையிரத நிலையத்திலே கப்பலேறப் புறப்பட்ட குடும்பங்களும் வழியனுப்ப வந்த குடும்பங்களும் ஒருவரையொருவர் கட்டியழுத காட்சியைக் கண்டோர் இன்றும் உளர்.

அக்காலத்தில் ஆங்கிலத் துரைமாரும் புறப்பட்டுக்கொண்டிருந்தனர். 1950கள் தொடக்கம் துரை வேலையில் இலங்கையர் ஏறினர். 1975இற் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. கழகத்தின் கதவும் நிறத்துக்குத் திறந்தது. எனினும் துரைமாருக்கான கழகம் என்னும் நிலை அதனால் மாறிவிடவில்லை. றக்பியிலும் கிரிக்கெற்றிலும் மலைநாட்டுத் துரைமார் அணிகள் நாட்டின் முதல்வரிசையினின்று மெல்ல நழுவின. ஓர் இருப்பிடத்துக்கு ஒருவனாகச் சிதறியிருந்த ஆங்கிலேயரை ஒன்றாகக் கட்டிய தனிமை, குடும்பத்தோடு வாழ்ந்த புதிய துரைமாருக்கு இருக்கவில்லை. கழகத்தின் உயிர்நாடியே அந்தத் தனிமைதான் போலும்.

தோட்டத்துப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களிலே. பாடசாலை வந்தது, களம் வரவில்லை. சரிவிலே கட்டிய ஓரிரண்டு கட்டிடங்களும், அவற்றின்முன் வகுப்புகள் வரிசையாக நிற்பதற்கு மட்டும் போதிய முற்றமுமே பல பாடசாலைகளின் நிலை. விளையாட்டுப் போட்டி நடத்த வேண்டுமாயின் அயலிலுள்ள தோட்ட மைதானத்தையோ நகர மைதானத்தையோ கேட்டுப் பெறல் வேண்டும். கவ்வாத்து வெட்டிய மலையிலும், வளைவான வீதியிலும், வற்றிய நீர்த்தேக்கத்தின் கரையிலும் மென்பந்து வைத்து ஆடும் இளைஞரை இப்பகுதியில் எங்கும் காணலாம். அவர்கள் ஆட்டத்துக்கென்று தனி விதிகள் உண்டு: கீழ்ச்சரிவுக்கு அடித்தால் ஓட்டம் இல்லை, ஆட்டமிழப்பு, பந்தைத் தேடுவதற்குப் போகும் நேரம் அவ்வளவு. வேகப்பந்துக்கு ஓடிவர இடமில்லாத தரையில் மூன்றடி நடந்து பந்தைச் சுழற்றுவதே வழி.

1920ஆம் ஆண்டிலே தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்த ஒருவரின் பேரன் முத்தையா முரளிதரன். அவருடைய தந்தையார் கண்டியிற் பிஸ்கற் உற்பத்தித் தொழில் நடத்தினார். கண்டிப் புனித அந்தோனியார் கல்லூரியிற் பயின்றமையால் முரளிதரனுக்குக் களமும் பயிற்சியாளரும் வாய்த்தனர். 1992இல் தேசிய அணியிற் சேர்ந்து, 2010ஆம் ஆண்டு ஜூலை மாதம் காலியில் ரெஸ்ற் போட்டிகளில் 800ஆவது விக்கெற்றை வீழ்த்தி ஓய்வுபெற்றார். பாட்டன் தோட்டத்துக்கு வந்ததற்கும் பேரன் அவ்வெண்ணிக்கையை எட்டியதற்கும் இடையில் 90 ஆண்டுகள். அக்குடும்பம் தோட்டத்தினின்று நகரத்துக்கு இறங்கியிராவிடின் என்னாயிருக்கும் என்பதை வாசகரே எண்ணிப் பார்க்கலாம்.

தரவளையிலிருந்து அதே வீதியிற் சில மைல் சென்றால் நோர்வூட். 2017ஆம் ஆண்டு மே மாதம் 12ஆந் திகதி, இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி டிக்கோயாவில் இந்திய உதவியாற் கட்டப்பட்ட மருத்துவமனையைத் திறந்துவைத்தபின், மலையக மக்களைச் சந்திப்பதற்குத் தெரிவு செய்யப்பட்ட இடம் நோர்வூட் விளையாட்டு மைதானம். அத்துணைப் பேரும் ஒருங்கு நிற்பதற்கு அப்பள்ளத்தாக்கில் வேறு எந்த இடம் உண்டு? பல தோட்டங்களிலிருந்து பஸ்களிலும் நடந்தும் வந்த பல்லாயிரவர், தேயிலை மலைகள் சூழ்ந்த அந்தத் தட்டையான தரையில் தோளோடு தோள் நின்றனர். மேலும் 10,000 வீடுகள் கட்ட உதவுவதாக அங்கே அறிவிக்கப்பட்டது. கண்டியிற் பிறந்த எம். ஜி. இராமச்சந்திரன் பெயரை அடுத்து முத்தையா முரளிதரன் பெயர் சொல்லப்பட்டபோது எழுந்த ஆரவாரம் ஓயச் சிறிது நேரம் சென்றது.